ராசா போன வழி
(கேள்வி - பதில்)

கேள்வி: அம்மாவின் வைத்தியத்துக்காக வேலூர் போகிறோம். றிப்போட் வரும்வரை இரண்டு நாள் சும்மா இருக்கவேண்டி வரும். கோட்டை பார்க்கலாமா?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: கட்டாயம் பாருங்கள். ஆனால் பிளேன் ஏறமுதல் கொழும்பில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். வேலூர்க் கோட்டைக் கதையின் முதல் பாதி இங்கேதான் இருக்கிறது.

கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுச்சாமி என்ற நாயக்கர் வீட்டுப் பிள்ளை. 1798இல் முடிசூடி, 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். கொழும்பில் பத்து மாதத்துக்கு மேல் சிறை. 1816 ஜனவரியில் கோர்ன்வாலிஸ் என்ற கப்பலில் ஏற்றி மதராஸுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வேலூர்.

முதலில் கொழும்பு மியூசியத்துக்கு ஒரு ஓட்டோ பிடியுங்கள். அவருடைய சிம்மாசனம் அங்கே இருக்கிறது. 1693இல் ஒல்லாந்தர் கண்டி அரசனுக்குக் கொடுத்தது. ஆங்கிலேயர் சீமைக்குக் கொண்டுபோய், 1934இல் திருப்பித் தந்தார்கள். சிம்மாசனம் வீடு வந்து சேர்ந்தது. அதில் இருந்தவர் வரவில்லை. பிறகு கொழும்புக் கோட்டைக்குப் போங்கள். சிலிங்கோ கட்டடத்தின் பக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு அறை நிற்கிறது. அதற்குள்தான் ராசாவை அடைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். இல்லை, வசதியான வீடொன்றில்தான் வைத்திருந்தார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும் அந்த வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வேலூரில் கண்டி மகால் என்ற பெயரைக் கேட்கும்போது நெஞ்சு ஏன் கனக்கிறது என்று உங்களுக்கே விளங்கும்.

கேள்வி: 'கோட்டைக்குப் போறன்' என்று தினமும் சொல்கிறோமே, கோட்டை எங்கே?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: பெயரில் இருக்கிறது! போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய மதிலை ஆங்கிலேயர் 1869இல் இடிக்கத் தொடங்கினார்கள். டெல்ஃப்ட் வாசல் என்ற பழைய வாயில் ஒரு வங்கிக் கட்டடத்துக்குள் இன்னும் நிற்கிறது. பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலையில் இப்போது கடைகளும் சாப்பாட்டுச் சாலைகளும்.

உங்களுக்கு அவ்வளவு தூரமும் வேண்டாம். 1757இல் திறந்த வூல்வெண்டால் தேவாலயம் உங்கள் பக்கத்தில்தானே? கோட்டைக்குள் அடக்கம் செய்திருந்த ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களை 1813இல் அங்கே மாற்றினார்கள். ஆளுநர்களே கொட்டாஞ்சேனைக்குக் குடிவந்து இருநூறு வருசம் தாண்டிவிட்டது. ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளோடு ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

கேள்வி: வேலூர்க் கோட்டையில் ராசாவுக்கு முதல் யார் இருந்தார்கள்?
- வெள்ளவத்தை மாணவன்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. திப்பு சுல்தானின் பிள்ளைகள் இருந்தார்கள். திருநீறு பூசாதே, தாடியை எடு, புதுத் தொப்பி போடு என்று வந்த கட்டளையில் மனம் கொதித்து, 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டையிலிருந்த சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அன்றைக்கே ஆங்கிலேயர் கிளர்ச்சியை நசுக்கிவிட்டார்கள். அதையடுத்துத் திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பத்து வருசம் கழித்து அதே கோட்டைக்கு நம் ராசா வந்து சேர்ந்தார்.

கேள்வி: அறுபது தாண்டிய என்னால் நடக்க ஏலுமா? கோயிலும் உண்டாமே?
- கொட்டாஞ்சேனை அம்மம்மா

பதில்: தாராளமாக, அம்மா. மலைக்கோட்டை அல்ல, தரைக்கோட்டை, ஏற்றமே இல்லை. சுற்றிவர அகழியில் தண்ணீர். உள்ளே ஜலகண்டேஸ்வரர். கல்யாண மண்டபத் தூண்களில் யாளியும் குதிரை வீரரும் பாய்கிற பாய்ச்சலைப் பார்த்தால் கல் என்று நம்பமாட்டீர்கள். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் வெறுமையாகக் கிடந்த கோயில் அது. 1981இல்தான் லிங்கத்தைத் திரும்பப் பிரதிஷ்டை செய்தார்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போங்கள்.

வெளியே வந்ததும் ஓட்டோக்காரத் தம்பியிடம் 'முத்து மண்டபம்' என்று சொல்லுங்கள். பாலாற்றங்கரையில், 1832 ஜனவரி 30 அன்று கண்மூடிய ராசாவின் கல்லறை. 1990இல் தமிழ்நாட்டு அரசு மண்டபம் எழுப்பியது. கோயில் வாசலிலேயே கொஞ்சம் பூ கூட வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. ஊரிலிருந்து வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியட்டும்.