கீழ்பென்னாத்தூர்க் குதிகாலும் மெத்தைச் சித்தாந்தமும்

பாதுகையைப் பற்றி வேதாந்த தேசிகர் வடமொழியில் 1008 சுலோகங்கள் பாடி வைத்துவிட்டுப் போனார். பாதுகைக்கும் பாதத்துக்கும் நடுவே வைக்கிற மெத்தையைப் பற்றி அவரும் பாடவில்லை, அவருக்குப் பின்வந்த புலவர்களும் சீந்தவில்லை. ஏழெட்டு மில்லிமீட்டர் உள்ள அந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம் கீழ்பென்னாத்தூர். காரணம் கேட்பவர்களுக்கு: புதுச்சேரி, திண்டிவனம், செஞ்சி வழியாக அண்ணாமலையாரைப் பார்க்கப் போகிற கூட்டம் இவ்வூரைத் தாண்டித்தான் போகிறது, மறுநாள் காலை நொண்டிக்கொண்டு திரும்புவதும் இவ்வழியேதான். உள்ளூர்க் கால்களுக்கும் பஞ்சமில்லை. பௌர்ணமிதோறும் கிரிவலம் போகிற கால், நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன் நிற்கிற வாத்தியார் கால், போலீஸ் வேலைக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்று விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றுகிற இளங்கால். மூன்றும் வெவ்வேறு வினை செய்தாலும் கடைசியில் ஒரே செருப்புக் கடைப் படியில்தான் ஏறுகின்றன.

கடைக்குள் ஏறியதும் நிகழ்வதைக் கூர்ந்து நோக்குக. கடைக்காரர் அட்டையில் தொங்கும் இன்சோலை எடுத்து நீட்டுகிறார். வாங்க வந்தவர் கட்டைவிரலால் அழுத்துகிறார். அமுங்குகிறது. முகம் மலர்கிறது. "நல்லா மெத்து மெத்துன்னு இருக்குதுண்ணா." வியாபாரம் முடிந்தது. இவர்களைக் கட்டைவிரற் கட்சியார் என்போம். இவர்களே பெரும்பான்மை. மாம்பழத்துக்குக் கண்ட முறையை மாற்றமின்றி மெத்தைக்கு ஏற்றிச் சொல்வது இவர்கள் நெறி.

இதனை மறுக்குமாறு: வலிப்பது குதிகால், சோதிப்பது கைவிரல். விரல் அழுத்துவது ஒரு தடவை. அளவுகோலாகக் கிரிவலத் தூரத்தையே வைத்துக்கொள்வோம்: 14 கிலோமீட்டர். அடிக்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் 20,000 அடி, ஒரு காலுக்கு 10,000. நடையில் ஒவ்வோர் அடிக்கும் உடல் எடைக்குச் சற்று மேலாகவே காலில் இறங்கும். ஓட்டத்தில் அது இரண்டு மூன்று மடங்கு. 60 கிலோ ஆள் என்றால் நடையிலேயே ஒரு சுற்றில் ஒரு கால் வாங்குவது 600 டன்னுக்குக் குறையாது. முதல் ஆயிரம் அடியிலேயே தட்டையாகிப்போகிற பஞ்சு மிச்ச ஒன்பதாயிரத்துக்கு வெறும் துணிதான். ஆகவே அமுங்குவது குணமன்று. அமுங்கி எழுவதே குணம். விரலை எடுத்தபின் பள்ளம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்காதவர் பாதிச் சோதனைதான் செய்தவர்.

"இது நாசாக்காரன் கண்டுபுடிச்ச ஃபோமு" என்று கடைக்காரர் இடைமறிப்பார். உண்மைதான். மெமரி ஃபோம் 1966-இல் நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது, விமான இருக்கைக்கு. உட்காருவதற்கு என்று செய்ததை நிற்பதற்கு விற்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

விலை கூடினால் வலி குறையும் என்பது இன்னொரு கட்சி. இதற்கு விரிவான மறுப்பு வேண்டியதில்லை.

கவனத்துக்குரிய எதிர்வாதம் வெறுங்கால் கட்சியாருடையது. அண்ணாமலையைச் செருப்பில்லாமல் சுற்றுகிறோம், ஆண்டவன் கொடுத்த இன்சோல் போதும் என்பர். அதில் சரக்கு உண்டு. குதிகால் எலும்புக்கு அடியில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குக் கொழுப்பு மெத்தை ஒன்று இருக்கிறது. நார்ச் சுவர்கள் தடுத்த சின்னஞ்சிறு அறைகளில் கொழுப்பை அடைத்து வைத்த அமைப்பு. எந்தக் கடையிலும் இதற்கு நிகர் கிடையாது. ஆனால் வயது ஏற ஏற அதன் துள்ளல் போய்விடுகிறது, மாற்றிக்கொள்ளவும் முடியாது. இக்கட்சியில் படித்தவர்கள் டேனியல் லீபர்மேனை இழுப்பார்கள். கென்யாவில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் முன்பாதத்தை ஊன்றி இறங்குவதால் குதிகாலில் விழும் அந்தத் திடீர் அடி அவர்களுக்கு இல்லை என்று 2010-இல் நேச்சர் இதழில் எழுதியவர். சரி. அவர் சொன்னது ஓடுபவர்களை. நடக்கும்போது செருப்பு போட்டவனும் போடாதவனும் குதிகாலைத்தான் முதலில் ஊன்றுகிறான். கிரிவலத்தில் ஓடுபவர், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவரைத் தவிர, யாருமில்லை.

அன்றியும் இன்சோல் கிரிவலத்துக்கு உதவாது என்பது வெளிப்படை. செருப்பே கழற்றிய இடத்தில் கிடக்கிறது. அதன் வேலை மறுநாள் தொடங்குகிறது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில் உயிர் போய், பத்தடி நடந்ததும் கொஞ்சம் தணிந்தால், அது பெரும்பாலும் பாதத்தின் அடிச்சவ்வு நொந்த வலி. வழக்கத்துக்கு மீறி நடந்தது, கட்டாந்தரை, உடம்பின் எடை, கெண்டைக்காலின் இறுக்கம் எல்லாம் அதற்குக் கூட்டாளிகள். பலருக்கு ஓராண்டுக்குள் தானே அடங்கிவிடும். நம் வீடுகளில் இதற்குச் செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலையைப் போட்டுக் குதிகாலை ஒத்தியெடுக்கும் வைத்தியம் உண்டு. இதமாகத்தான் இருக்கும். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் மட்டும் அந்தச் செங்கல் பக்கம் போகக் கூடாது. சுட்டது தெரியவே தெரியாது.

மரத்த கால் என்றதும் வேலூருக்குப் போயாக வேண்டும். மெத்தைச் சாத்திரத்தின் மூலபாடம் அங்கேதான் இருக்கிறது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் கால் அழுகி உதிர்வதில்லை, உணர்வு செத்த காலை ஆணி மேலும் முள் மேலும் வைத்து மனிதர்களே தெரியாமல் தேய்த்துக்கொள்கிறார்கள் என்று கண்டு சொன்னவர்களில் முதன்மையானவர் அவர். அந்தக் கால்களைக் காக்க வேலூர், கரிகிரி வட்டாரத்து மருத்துவர்கள் கையிலெடுத்ததுதான் நுண்துளை ரப்பர். இன்று கீழ்பென்னாத்தூரில் சர்க்கரைக்காரரும் குதிகால்காரரும் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு அதுவே. மேலே மென்மை, கீழே முள் ஏறாத கெட்டி அடி. அந்த மென்மைக்கும் அளவு வைத்தார்கள், ஷோர் அளவில் 15 டிகிரி வாக்கில். கட்டைவிரற் கட்சியார் அதை அழுத்திப் பார்த்துவிட்டு "கொஞ்சம் கல்லு மாதிரி இருக்குதே" என்று திருப்பிக் கொடுப்பதை நேரிலே காணலாம்.

அவர்களுக்கு இறுதி அடி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. கார்ல் லேண்டார்ஃப் குழுவினர் குதிகால் வலிக்காரர் 135 பேருக்கு மூன்று வகை இன்சோல் கொடுத்து ஓராண்டு கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்று காலுக்கு அளவெடுத்துச் செய்தது. ஒன்று கெட்டியான ஃபோமில் ரெடிமேடாக வந்தது. மூன்றாவது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே வைத்த போலி. மூன்று மாதத்தில் முதல் இரண்டையும் போட்டவர்களின் நடமாட்டம் போலி போட்டவர்களைவிடச் சற்றுத் தேறியது. பன்னிரண்டு மாதத்தில் மூன்றும் ஒன்றாகிவிட்டன. அளவெடுத்தது ரெடிமேடை எங்கேயும் விஞ்சவில்லை. அந்தப் போலியை எதனால் செய்தார்கள் தெரியுமா? மெல்லிய, மெத்தென்ற ஃபோம். நம்மாட்கள் விரலால் அழுத்தி, முகம் மலர்ந்து, காசு கொடுத்து வாங்கிப்போகிற அதே சாதி.

எனவே கொள்ளத் தக்கன: கொஞ்சம் கெட்டியானது, குதிகாலைக் கிண்ணம்போல ஏந்துவது, ஷூவின் பழைய உள்மெத்தையை உருவிவிட்டுப் போடத் தக்கது. பழையதன் மேலேயே புதியதை வைத்தால் ஷூவுக்குள் இடமில்லாமல் விரல்கள் நெரிபடும், வலி குதிகாலிலிருந்து நுனிக்கு ஜாகை மாறும். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது, போடப்போகிற ஷூவையே கையோடு கொண்டுபோய், கடைக்குள் நாலு நடை நடந்து பார்த்து வாங்குவது உத்தமம். அதற்குக் கடைக்காரர் முகம் சுளிப்பாரே எனில், சுளிக்கட்டும்.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. குதிகால் பெரும்பாலும் ஒன்றுதான் வலிக்கும்; மெத்தையோ ஜோடியாகத்தான் வரும். ஒரு காலில் மட்டும் போட்டால் அந்தக் கால் சில மில்லிமீட்டர் உயர்ந்து இடுப்பு கோணும் என்பதால் இரண்டிலும் போடச் சொல்வது மருத்துவ மரபு. கீழ்பென்னாத்தூர் மரபு அதை ஏற்பதாக இல்லை.

"எனக்கு வலங்கால் மட்டுந்தான்பா வலிக்குது. ஒண்ணு குடு, பாதி துட்டு வாங்கிக்க."

"ஒத்தையா குடுத்துட்டு மிச்சத்த நான் யாருக்கு ஆயா விப்பேன்?"

"இடங்கால் வலிக்கிறவ ஒருத்தி வராமலா பூடுவா?"

கடைக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஜோடியையும் பைக்குள் போட்டு நீட்டினார்.

"எடுத்துக்கினு போ ஆயா. வர பௌர்ணமிக்கு அந்தக் காலும் கேக்கும்."