தேவரா ஏ.சி. ரிப்பேரும் பவணந்தியாரும்: முதல் பக்கத்தின் இலக்கணம்

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், கூகுள் தேடலில் முதல் பக்கத்தைப் பிடிப்பதற்காகச் சம்பந்தமே இல்லாத இணைய விவாத மன்றங்களில் புகுந்து பதிவு போடும் தொழிலின் இலக்கணம் நுதலிற்று. ஆய்வுக் களம் கொச்சி மாநகரில் தேவரா. காரணம் உண்டு. காயலை ஒட்டிய ஊர் என்பதால் அங்கே புழுக்கம் உண்டு. புழுக்கம் உள்ள ஊரில் ஏ.சி. உண்டு, ஏ.சி. என்று ஒன்று இருந்தால் அது மே மாதத்தில் கெடும். கெட்டால் வீட்டுக்காரர் போனை எடுத்துத் தேடுவார். தேடியவர் இரண்டாம் பக்கத்துக்குப் போவதில்லை என்பது இத்துறையில் எல்லா மதத்தாரும் உடன்பட்ட முடிபு. தேவராவுக்குத் தனியாக ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் ஜூனியர் என்.டி.ஆர். நடித்து வந்த படத்தின் பெயரையும் இந்த ஊரின் பெயரையும் தமிழில் எழுதினால் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அனிருத் இசையமைத்த படத்தோடு ஒரு ஜங்ஷன் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

முன்னோர் செய்த ஆய்வுகளில் தலையாயது நன்னூல். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் கேட்டுக்கொள்ள பவணந்தி முனிவர் செய்த நூல். எத்தனை பெரிய நூலைச் செய்தவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது, சிறப்புப் பாயிரம் பிறர்தான் தர வேண்டும் என்பது அவர் விதி. பிறர் என்றால் யாரோ எவரோ அல்லர்: தன் ஆசிரியர், தன்னோடு படித்தவர், தன் மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர். பாயிரம் தருபவரின் தகுதியைப் பொறுத்தே பாயிரத்தின் மதிப்பு. 1998-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் பேஜ்ரேங்க் என்று வெளியிட்டதும் இதேதான். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை மட்டும் பாராதே. அதற்கு லிங்க் கொடுப்பவர் எத்தனை பேர், அந்தக் கொடுப்பவர்களுக்கு லிங்க் கொடுப்பவர் எத்தனை பேர் என்று எண்ணு. ஸ்டான்ஃபோர்டு அதற்குப் பேட்டன்ட் வாங்கியது. பவணந்தியார் வாங்கவில்லை.

இரண்டு விதிக்கும் ஓட்டை ஒரே இடத்தில்தான். ‘தன்னோடு படித்தவர்’ என்று திறந்துவிட்டாரே, அங்கே. நீ என் நூலுக்குப் பாயிரம் எழுது, நான் உன் நூலுக்கு எழுதுகிறேன் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டுப் புத்தக வெளியீட்டு விழாக்களில் இன்றும் செழிப்பாக இருக்கிறது. இணையத்தில் அதற்கு லிங்க் எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். ஆனால் பவணந்தியார் வாசலிலேயே நிறுத்திய வழிப்போக்கனைக் கூகுள் உள்ளே விட்டுவிட்டது. எந்த மன்றத்திலும் எவரும் கணக்குத் தொடங்கலாம். ஒவ்வொரு பதிவின் அடியிலும் சிக்னேச்சர் வைக்கலாம். அதில் ஒரு லிங்க் வைக்கலாம். மன்றம் மதிப்பானது என்றால் அந்த மதிப்பில் ஒரு சொட்டு லிங்க்கின் மறுமுனையில் போய் விழும். சொட்டுக்குச் சொட்டு எண்ணிக் கூலி கொடுக்க ஆள் வந்தார்கள். டேட்டா என்ட்ரி முடித்த பிள்ளைகளுக்கு ‘ஆஃப்-பேஜ்’ என்ற பெயரில் இந்த வேலை கிடைத்தது.

தொழில் வழக்குப்படி ஒரு மாதிரிப் பதிவை இங்கே கட்டிக் காட்டுகிறேன். அமெரிக்காவில் ரோஜா வளர்ப்பவர்களின் மன்றம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இலையில் கரும்புள்ளி விழுகிறது, என்ன செய்யலாம் என்று ஒரு பாட்டி கேட்கிறார். கீழே பதில்: “நைஸ் போஸ்ட். தேங்க்ஸ் ஃபார் ஷேரிங். ரோஜா மிகவும் அழகான மலர். தேவராவில் ஏ.சி. ரிப்பேர் தேடுகிறீர்களா? தேவராவில் சிறந்த ஏ.சி. ரிப்பேர், தேவரா ஏ.சி. ரிப்பேர்.”

நூலுக்கு ஆகாது என்று நன்னூல் விலக்கிய பத்துக் குற்றங்களை வைத்து இதை உரசிப் பார்ப்போம். தேவரா மூன்று, ஏ.சி. ரிப்பேர் மூன்று என்பதால் கூறியது கூறல். போன் நம்பரோ கட்டணமோ இல்லாததால் குன்றக் கூறல். ‘சிறந்த’ என்றது மிகைபடக் கூறல். ‘நைஸ் போஸ்ட்’ என்றது வெற்றெனத் தொடுத்தல். ரோஜாவில் தொடங்கிக் கம்ப்ரஸரில் முடிந்தது மற்றொன்று விரித்தல். பாட்டி கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்திருப்பார், ஆகவே மயங்க வைத்தல். சென்று தேய்ந்து இறுதல் மட்டும் பொருந்தாது. தேய்வதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டும். நின்று பயன் இன்மை என்ற குற்றத்தில்தான் உரையாசிரியர்கள் பிரிவார்கள். பாட்டிக்குப் பயனில்லை என்பது மெய். ஆனால் பதிவு பாட்டிக்கு எழுதப்பட்டதன்று. இரவில் வந்து பக்கம் பக்கமாக மேய்ந்துவிட்டுப் போகும் கூகுளின் ரோபோவுக்கு எழுதப்பட்டது. ஒரு மனிதர்கூடப் படிக்க வேண்டாம் என்று திட்டமிட்டே எழுதப்பட்ட இலக்கியம் உலகில் இதற்கு முன் உண்டா என்று தெரியவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சிலர் சொல்லக்கூடும்.

பிறகு ரஷ்யாவிலிருந்து எக்ஸ்ருமர் என்ற மென்பொருள் வந்து பிள்ளைகள் பிழைப்பிலும் மண் போட்டது. தானே கணக்குத் தொடங்கும், கேப்சாவை உடைக்கும், ஒரு பெயரில் ‘நல்ல மெக்கானிக் யாராவது தெரியுமா?’ என்று கேட்கும், வேறு பெயரில் வந்து ‘இதோ’ என்று லிங்க் கொடுக்கும். நாடகத்தில் எல்லா வேடமும் ஒருவரே.

2004-ல் கூகுளில் முதலிடம் பிடிப்பதற்கென்றே ஒரு பந்தயம் நடந்தது. ‘நைக்ரிட்யூட் அல்ட்ராமரைன்’ என்று விநோதமான சொற்சேர்க்கை ஒன்றைக் கொடுத்து, கூகுளில் அதற்கு முதலில் வருபவருக்குப் பரிசு என்றார்கள். ஜூன் மாதத்து ஐபாடை ஒரு மன்றத்தின் பக்கமே தட்டிச் சென்றது. ஜூலை மாதத்து மானிட்டரை அனில் டாஷ் என்ற வலைப்பதிவர் வாங்கினார். அவர் குறுக்கு வழி எதிலும் போகவில்லை. தன் வாசகர்களிடம் லிங்க் கொடுங்கள் என்று கேட்டார், கொடுத்தார்கள். தொழில்காரர்கள் பலரைத் தன் மாணாக்கர் தந்த பாயிரம் வீழ்த்தியது. நன்னூலார் கட்சிக்கு இத்துறையில் கிடைத்த தெளிவான வெற்றி இது.

கூகுளின் தண்டனை வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 2005 ஜனவரியில் யாஹூ, எம்.எஸ்.என். இரண்டையும் சேர்த்துக்கொண்டு ‘நோ-ஃபாலோ’ என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. அது குத்திய லிங்க்குக்கு மதிப்பு சேராது என்பது அன்றைய விதி. 2006-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தளத்தையே சில நாள் தூக்கி வெளியே வைத்தது. 2012 ஏப்ரலில், இப்படிப்பட்ட லிங்க்குகளைத் தண்டிக்கும் பென்குயின் என்ற அல்காரிதம் வந்தது. அதுவரை லிங்க் எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தவர்கள், அந்த லிங்க்குகளை எடுத்துவிடச் சொல்லி மன்றம் மன்றமாகக் கெஞ்சினார்கள். அவ்வாண்டு அக்டோபரில், இந்தப் பாயிரங்கள் என்னுடையவை அல்ல என்று கைவிரிக்கக் கூகுளே ஒரு கருவி கொடுத்தது. போட்டதற்கு வாங்கிய கூலிக்கு மேல் எடுப்பதற்கும் கூலி கிடைத்த தொழில் என்ற சிறப்பும் இதற்கு வந்து சேர்ந்தது.

அதே 2012-ன் கடைசியில் தேவராவிலிருந்து வெண்டுருத்திப் பாலம் ஏறினால் போய்ச்சேரும் மிளகு வட்டாரமும் செய்தியில் அடிபட்டது. மட்டாஞ்சேரி ஜூ டவுனில் மிளகுக்கு முன்பேர வணிகம் 1957 முதல் நடந்த ஊர் கொச்சி. அந்த ஊரின் கிடங்குகளில் பல ஆயிரம் டன் மிளகில் மினரல் ஆயில் கண்டுபிடிக்கப்பட்டு உணவுப் பாதுகாப்புத் துறை சீல் வைத்தது. எண்ணெய் பட்டால் மிளகு கறுகறுவென்று மின்னும், பூஞ்சை பிடிக்காது, பார்வைக்கு முதல் தரம். எந்த அளவுகோலையும் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கினால் அது கெட்டுப்போகும் என்று சார்லஸ் குட்ஹார்ட் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1975-ல் சொன்னதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். அவர் பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் உட்கார்ந்து யோசித்தார்; மட்டாஞ்சேரிப் பக்கம் வந்திருந்தால் மிளகை மோந்து பார்த்தே சொல்லியிருக்கலாம்.

மன்றங்கள் ஒழிந்தன என்று எல்லாரும் கைகழுவிய பிறகு சக்கரம் சுற்றிவிட்டது. விளம்பரப் பக்கங்களில் சலித்தவர்கள் எதைத் தேடினாலும் கூடவே ‘ரெடிட்’ என்று சேர்த்துத் தேடத் தொடங்கினார்கள், அங்கே மனிதர்கள் பேசுவார்கள் என்ற நம்பிக்கையில். 2024 பிப்ரவரியில் கூகுளும் ரெடிட்டும் ஒப்பந்தம் போட்டன. தேடலில் ரெடிட் மேலே ஏறியது. அடுத்த நாளே அல்லது அதற்கு முன்பே, ஒரு பெயரில் கேள்வியும் இன்னொரு பெயரில் பதிலுமாகப் பழைய நாடகம் புதுக் கொட்டகையில் தொடங்கிவிட்டது. இப்போது பதில் நல்ல இலக்கணத்தோடு, வீட்டுக்காரரின் அனுபவம்போல வருகிறது. ‘நைஸ் போஸ்ட்’ வழக்கொழிந்தது.

எஞ்சியது இக்கட்டுரைக்கான சிறப்புப் பாயிரம். என்னோடு படித்தவர் ஒருவர் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். இப்போது ஏ.சி. மெக்கானிக். பதிலுக்குத் தன் தொழிலின் பெயரைக் கட்டுரையில் மூன்று இடத்திலாவது, ஊர்ப் பெயரோடு சேர்த்துப் போடச் சொன்னார். தலைப்பிலும் ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.