சிரிச்சுக்கிட்டே சொல்லு சாமி

திங்கள் மகிழ்ச்சி, செவ்வாய் பயம், புதன் கோபம், வியாழன் பெருமை, வெள்ளி சோகம். பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சர்க்குலரில் இப்படித்தான் போட்டிருக்கிறது. அந்தந்தக் கிழமைக்கு உரிய உணர்ச்சியைப் பற்றிப் பிள்ளை இரண்டு நிமிடம் பேச வேண்டும். அதை வீடியோ எடுத்து ராத்திரி ஒன்பது மணிக்குள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட வேண்டும். பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் திங்கட்கிழமை எங்கள் தெருவுக்கு வேன் வராது.

நேற்று வெள்ளிக்கிழமை. நாலாம் வகுப்பு படிக்கிற எங்கள் அம்முணிக்கு நேற்றென்று பார்த்துச் சோகமே வரவில்லை. மத்தியானம் கணக்குப் பரீட்சை தள்ளிப்போய்விட்டது. சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து வெள்ளாடு குட்டி போட்டது, அதுவும் ரெட்டைக் குட்டி. இப்படிப்பட்ட நாளில் சோகத்துக்கு எங்கே போவது?

"பழசு ஏதாச்சும் இருந்தாச் சொல்லு சாமி" என்றாள் என் வீட்டுக்காரி.

"பழசெல்லாம் போன வாரமே தீந்துபோச்சுங் அம்மாயி" என்றது பிள்ளை.

உங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் என்று தெரியும். மறைக்க வேண்டாம். எட்டரை மணிக்கு மேல் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு ஜன்னலுக்குள் ஒரு குழந்தை "ஹாய் பிரண்ட்ஸ், டுடே ஐ ஆம் ஆங்க்ரி" என்று பாடம் ஒப்பிப்பது கேட்கிறது.

எங்கள் மகளும் மாப்பிள்ளையும் விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூர் போகிறவர்கள். மகள் பவர் டேபிள், மாப்பிள்ளை கட்டிங். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளில் வீடு வந்து சேரவே ஒன்பதரை ஆகிவிடும். ஆகையால் சர்க்குலரில் 'பெற்றோர் பிள்ளையுடன் மனம்விட்டுப் பேசி' என்று இருக்கிற இடத்திலெல்லாம் 'அப்புச்சி' என்று நான் திருத்திப் படித்துக்கொள்கிறேன். குண்டடத்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கு இதுதான் ராத்திரி வேலை. முன்பெல்லாம் டீக்கடையில் வெங்காய விலை பேசுவோம். இப்போது எந்த போனில் இருட்டிலும் முகம் தெளிவாக விழும் என்று பேசுகிறோம்.

இந்தப் படப்பிடிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் போனை நிற்கவைக்க வேண்டும். ஸ்டாண்டு வாங்கிவிடலாம் என்றார் மாப்பிள்ளை. எதற்கு வீண் காசு என்று நான் ஒரு காலி நூல் கோனை எடுத்து, நுனியில் ஒரு வெட்டு வெட்டி, அதில் போனைச் சொருகினேன். பிள்ளையின் நெற்றி மட்டும் தெரிந்தது. கோனுக்கு அடியில் படியைக் கவிழ்த்து வைத்ததும் முழு முகமும் தெரிந்தது. கூடவே பின்னால் கொடியில் காய்கிற என் வேட்டியும் தெரிந்தது. வேட்டியை எடுத்தால் சுவரில் காரை பெயர்ந்த இடம் தெரிகிறது. அதை மறைக்க வீட்டுக்காரி ஒரு டேமேஜ் துணியைக் கட்டினாள். ஏதோ வெளிநாட்டுக் குழந்தைக்காக அச்சடித்து, கலர் ஒட்டாமல் தள்ளிவிட்ட துணி அது. துணி முழுக்கச் சிரிக்கிற கரடி. கரடிகள் சிரிக்க, அதற்கு முன்னால் உட்கார்ந்து பேத்தி பயத்தைப் பற்றிப் பேசினாள்.

சட்டை விவகாரம் தனி. திருப்பூர்ச் சீமையில் பிள்ளைகள் போடுகிற சட்டை முக்கால்வாசி எக்ஸ்போர்ட் மிச்சம். நெஞ்சில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் படித்துப் பார்த்தோம்? ஒரு வெள்ளிக்கிழமை பேத்தி சோகத்தைப் பற்றி உருக்கமாகப் பேசி முடித்தபிறகு பார்த்தால், சட்டையில் 'ஆல்வேஸ் ஹேப்பி' என்று கொட்டை எழுத்து. சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் எடுத்தோம். மறுபடி எடுக்கும்போது அந்த உருக்கம் இல்லை. உருக்கம் என்ன குழாய்த் தண்ணீரா, திருகினதும் வர? எங்கள் ஊரில் குழாயில் தண்ணீரே அப்படி வருவதில்லை.

அப்புறம் சத்தம். வாசலில் எடுத்தால் காற்று. காற்றாலை போட்டு மின்சாரம் எடுக்கிற அளவுக்கு அடிக்கிற சீமைக் காற்று அது, போன் மைக்கை விட்டுவைக்குமா? உள்ளே எடுத்தால் தாராபுரம் ரோட்டு லாரி. லாரி ஓய்ந்த நேரத்தில் சின்ன வெங்காய டெம்போ. கோப வீடியோ ஒன்றில் பேத்தி "எனக்கு ரொம்பக் கோபம் வந்தது, ஏன் என்றால்" என்று நிறுத்தி மூச்சு வாங்கின இடத்தில், "அஞ்சு கிலோ நூறு ரூவா, அஞ்சு கிலோ நூறு ரூவா" என்று ஒலிபெருக்கி பதில் சொன்னது. அந்த வாரம் அதற்கு வகுப்பில் மூன்று நட்சத்திரம் கிடைத்தது.

போதாததற்கு இயக்குநர்கள். பால் ஊற்ற வருகிறவர் நின்று ஒரு யோசனை சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரம்மா முருங்கைக்காயை மடியில் கட்டிக்கொண்டே வந்து ஒரு யோசனை சொல்கிறார். ஒருவர் தலையைச் சீவச் சொல்ல, இன்னொருவர் கையை ஆட்டாதே என்பார். எல்லோரும் ஒரே குரலில் சொல்வது ஒன்று உண்டு: "சிரிச்சுக்கிட்டே சொல்லு சாமி." பயமா, சிரித்துக்கொண்டே சொல்லு. கோபமா, சிரித்துக்கொண்டே சொல்லு. நான் வேலையில் இருந்த காலமெல்லாம் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்றவன். பிசிறு இருந்தால் வெட்டு, கறை இருந்தால் ஒதுக்கு, ஓட்டை இருந்தால் தள்ளு. பிள்ளையின் மனசையும் அதே டேபிளில் போட்டுத்தான் இப்போது பார்க்கிறோம். ஒதுக்கின பீஸ்கள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீடியோ டைரி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதைப் பிள்ளைக்குப் பயன்படுகிற மாதிரி செய்ய ஒரு வழி இருக்கிறது. சுலபம்தான், மூன்றே படி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இது எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்துவிடுவோம்.

உணர்ச்சியறிவு என்ற எண்ணத்தை பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990இல் ஒரு கட்டுரையில் வரையறுத்தார்கள். 1995இல் டேனியல் கோல்மன் புத்தகம் போட்டார். அது உலகமெல்லாம் விற்று, கடைசியில் எங்கள் ஊர் சர்க்குலர் வரைக்கும் வந்துவிட்டது. டைரிக்கும் ஆராய்ச்சி உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்டது. கல்லூரிப் பிள்ளைகளை உட்காரவைத்து, வாழ்க்கையில் மனசைப் போட்டு அழுத்துகிற விஷயத்தை எழுதச் சொன்னார்கள். நாளுக்கு 15 நிமிடம், நாலு நாள். எழுதின கையோடு பிள்ளைகளுக்கு மனசு இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் அதைப் பற்றித் தோன்றியதையும் சேர்த்து எழுதினவர்கள் அடுத்த சில மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று ஆஸ்பத்திரிப் பக்கம் போனது குறைந்தது. இதில் கவனியுங்கள், எழுதியதை வகுப்பில் எல்லோருக்கும் காட்டு என்று யாரும் சொல்லவில்லை. நட்சத்திரமும் கொடுக்கவில்லை.

டைரி நமக்கும் புதிதல்ல. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி 1761இல் சாகிற வரைக்கும் எழுதினார். கப்பல் வந்தது, விலை ஏறியது, சகுனம் சரியில்லை, கவர்னர் துய்ப்ளேயின் பெண்டாட்டி செய்கிற அட்டகாசம் தாங்கவில்லை, எல்லாம் இருக்கிறது. மனுஷன் இருபத்தைந்து வருஷம் ஆற அமரப் புலம்பியிருக்கிறார். அவர் செத்து எண்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1846இல்தான் அது வெளி ஆள் கண்ணில் பட்டது. துய்ப்ளே அம்மையார் இருக்கிற குரூப்பில் ராத்திரி ஒன்பது மணிக்குள் போடு என்று சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? 'அம்மணி நலம், நானும் நலம்.' அவ்வளவுதான்.

உணர்ச்சிக்குப் பட்டியல் போடுவதிலும் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நாலு நாலாக 32 காரணம் கொடுத்திருக்கிறார். சர்க்குலரில் ஐந்துதான். பெருமிதத்துக்கு அவர் சொல்கிற காரணங்களில் கொடை இருக்கிறது, கல்வி இருக்கிறது. எங்கள் வியாழக்கிழமை வீடியோக்களில் பிளாஸ்டிக் கோப்பைதான் இருக்கிறது. அழுகைக்கு அவர் சொல்கிற நாலு காரணங்களில் ஒன்று வறுமை. அதை அவர் தயங்காமல் எழுதிவிட்டார். எங்கள் குரூப்பில் சொல்லிப் பாருங்கள்.

ஒரு பையன் சொன்னான். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதே, அந்தச் சமயம். ஆர்டர் இல்லாமல் பல கம்பெனிகளில் வேலை குறைந்தது. பையன் கேமராவைப் பார்த்து, "எங்கப்பாவுக்கு வேலை இல்லீங். வீட்டுலயே இருக்கறாரு. யாருகிட்டயும் பேசமாட்டீங்கறாரு" என்றான். எந்தச் சட்டையும் இல்லை, கரடியும் இல்லை. சிரிக்கவும் இல்லை. நான் பார்த்து முடிப்பதற்குள் வீடியோவைக் காணோம், அழித்துவிட்டார்கள். மறுநாள் அதே பையன் பென்சில் தொலைந்துபோனதைச் சோகமாகச் சொல்லி ஒரு வீடியோ வந்தது. பின்னணி இசையெல்லாம் போட்டிருந்தார்கள். அதற்குக் கைதட்டுகிற பொம்மை ஒன்றும் வந்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் புதன்கிழமைக் கோபம் அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயத்துக்குரிய செவ்வாய்க்கிழமை ஒன்றில் பேத்திக்குச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அம்மாயி எங்கள் ஊர் வடுகநாதர் கோயில் கதையைச் சொல்லச் சொன்னாள். மிளகு மூட்டையோடு போன வியாபாரியிடம் சாமி ஆள் உருவில் வந்து கொஞ்சம் மிளகு கேட்கிறார். கொடுக்க மனசில்லாமல் "இது பயறு" என்கிறான். மூட்டையைப் பிரித்தால் நிஜமாகவே பயறு. அவன் வெலவெலத்துப் போவதையும், பொய் சொன்னதற்கு வெட்கப்படுவதையும், மறுபடி மிளகாக்கிக் கொடு என்று அழுவதையும் பிள்ளை கண்ணை உருட்டிச் சொன்னபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. ஒரே மூச்சில் எடுத்தது, ஒருவரும் குறுக்கே பேசவில்லை. பள்ளியிலிருந்து பதில் வந்தது: 'கதை வேண்டாம். சொந்த பீலிங் மட்டும்.'

அதற்கப்புறம் பேத்தி உஷாராகிவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை பழைய சோகத்தையே எடுத்துத் திரும்ப அனுப்பினாள். அதே கைதட்டுகிற பொம்மை வந்தது. "பாக்கறதே இல்லீங் அப்புச்சி" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். உணர்ச்சியறிவு வளர்கிறதா என்று தெரியாது, அறிவு வளர்கிறது. டீச்சரம்மாவைக் குறை சொல்வதற்கும் இல்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருடைய சோகத்தையும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து பார்க்க அவர் என்ன கல்லா? டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் மகிழ்ச்சி வகுப்பு என்று தொடங்கினார்கள். தலாய் லாமாவே வந்து தொடங்கிவைத்தார். அங்கே வகுப்பறையில், பள்ளி நேரத்தில், பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள், கதை கேட்டார்கள், பேசினார்கள். அப்புச்சிகளை யாரும் கூப்பிடவில்லை.

நான் சொன்ன அந்த வழிக்கு வருகிறேன். மூன்று படியில் முதல் படி என்னவென்றால், அதற்கு முன் ஓர் அவசர வேலை இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே போட்டிருக்கிறார்கள். எங்கள் வகுப்பு குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று நேற்று சோகத்துக்குக் காத்திருந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். பெற்றோர் இருக்கிறார்கள், தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள், போன வருஷமே பள்ளி வேனை விட்டுவிட்டுக் கோழித்தீவன லாரிக்குப் போய்விட்ட பழைய டிரைவரும் இருக்கிறார். நாலாம் வகுப்பின் அத்தனை பயமும் கோபமும் அவர் போனில்தான் தினமும் இறங்குகிறது. குரூப் அட்மின் யாராக இருந்தாலும் தயவுசெய்து முதலில் அவரை எடுத்துவிடுங்கள். அவரே சந்தையில் என்னைப் பார்த்து இரண்டு தடவை கேட்டுவிட்டார், போன் நிறைந்து லோடு நம்பர்கூட வரமாட்டேன் என்கிறதாம்.