தங்கவயலிலிருந்து பயிற்சிக்குப் போய்வரும் முறை

வெளியூர்ப் பயிற்சி வகுப்பு என்பது, பல வருடமாக ஒரு வேலையைச் செய்துவரும் ஊழியரை, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று கேட்டுவர வேறு ஊருக்கு அனுப்பும் ஏற்பாடு. ஆசிரியர், வங்கி எழுத்தர், ரயில்வே ஊழியர், செவிலியர், பி.இ.எம்.எல். தொழிற்சாலைக்காரர் என்று யாரும் இதற்குத் தப்புவதில்லை. உத்தரவு வழக்கமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேரும். வகுப்பு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு. பயிற்சியின் நோக்கம் ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கும். எதில் வருவது, எங்கே தங்குவது என்பதற்கு மட்டும் கடைசியில் ஒரு வரி: கலந்துகொள்வோர் அதற்கான ஏற்பாடுகளைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும். கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் உத்தரவை வாங்குகிறவர் முதலில் படிப்பதும், கடைசிவரை மறக்காததும் அந்த ஒரு வரியைத்தான்.

எது வெளியூர் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் பயணப்படிக் கணக்கில் வேலையிடத்திலிருந்து 8 கிலோமீட்டர் தாண்டினால் போதும், படி கேட்கலாம். அப்படிப் பார்த்தால் ஆண்டர்சன்பேட்டைக்காரருக்குப் பங்காரப்பேட்டையே வெளியூர். ஊர்க் கணக்கு வேறு. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலில் பல வீடுகளில் அடுப்பு எரிவது பெங்களூர்ச் சம்பளத்தில். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்த ஊருக்கு இருட்டோடு கிளம்பிப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை நிறுத்தி, “வெளியூருக்கா?” என்று கேட்டால், “இல்லண்ணா, பெங்களூர்தான்” என்று பதில் வரும். ஆகவே, பெங்களூரில் நடக்கும் மூன்று நாள் வகுப்புக்குப் பெட்டி கட்டுகிறவரைத் தெருவே வேடிக்கை பார்க்கும்.

ஆழத்துக்குப் படி கொடுக்கும் வழக்கம் இருந்திருந்தால் தங்கவயல் எப்போதோ பணக்கார ஊராகியிருக்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அதில் இறங்கி ஏறியவர்களுக்கு அது வேலை, பயணம் அல்ல. அந்தக் காலத்தில் பயணப்படி வாங்கிக்கொண்டு வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். 1960களில் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் வந்து, சாம்பியன் ரீஃபில் ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, 1965இல் காற்றுமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். ஜப்பானிலிருந்து வந்தவர் கடைசி 2.3 கிலோமீட்டரைப் பில்லில் எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பார் என்பது கணக்குப் பிரிவுக்கே உரிய கேள்வி.

போக்குவரத்துக்கு பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. பஸ்ஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ராபர்ட்சன்பேட்டை பஸ் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய் ஏற வேண்டும், பெங்களூர் எல்லையில் நெரிசலில் நிற்க வேண்டும். ரயில் அப்படியல்ல. சுரங்கத்துக்காக 1894இல் பங்காரப்பேட்டையிலிருந்து, அன்றைய பெயரில் பவுரிங்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம்வரை போட்ட கிளைப் பாதை இது. சுரங்கம் போய்விட்டது, பாதை நிற்கிறது. ரயில் பக்கத்து மாரிக்குப்பத்தில் புறப்படுவதால் ஆண்டர்சன்பேட்டைக்காரருக்கு ஜன்னலோரம் கிடைக்கும். சாம்பியனில் ஏறுகிறவருக்கு ஜன்னல் போயிருக்கும். உரிகத்தில் ஏறுகிறவருக்கு மூன்று பேர் சீட்டில் நாலாவது இடம். கோரமண்டலில் ஏறுகிறவர் கதவோரம். பங்காரப்பேட்டையில் ஏறுகிறவர் எங்கே நிற்கிறார் என்று அவருக்கே தெரியாது.

காலி என்று கண்ணுக்குத் தெரியும் சீட்டெல்லாம் காலி அல்ல என்பதைப் புதியவர் அறிந்திருக்க வேண்டும். கைக்குட்டை, மடித்த செய்தித்தாள், டிபன் பை, சில நாள் ஒரு தண்ணீர் பாட்டில்: ஒவ்வொன்றும் மூன்று ஸ்டேஷன் தள்ளி ஏறப்போகும் ஒருவரின் உரிமைப் பத்திரம். தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். “சார், அங்க ஆளு வர்றாங்க” என்று மரியாதையாகச் சொல்வார்கள். ஆளும் வருவார்.

டிராலிப் பெட்டியோடு இந்த ரயிலில் ஏறுவது தனிக் கலை. தினமும் போகிறவர்களிடம் தோள்பை தவிர எதுவும் இருக்காது. பெட்டியோடு வருகிறவர் ஒன்று கல்யாணத்துக்குப் போகிறவர், இல்லை பயிற்சிக்குப் போகிறவர். இரண்டு வரிசைச் சீட்டுக்கும் நடுவில் அந்தப் பெட்டி படுக்க வைக்கப்படும். அதன் மேல் ஒரு துண்டு விரியும். துண்டின் மேல் சீட்டுக்கட்டு இறங்கும். தியாகல், மாலூர், தேவனகொந்தி என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருக்க, உள்ளே இஸ்திரி போட்டு அடுக்கிய மூன்று சட்டைகளின் மேல் நாலு பேரின் முழங்கைகள் ஊன்றியிருக்கும். பெட்டிக்காரர் ஒயிட்ஃபீல்டில் இறங்க வேண்டியவராக இருந்தாலும், ஆட்டம் முடியாததால் கே.ஆர்.புரத்தில் இறங்குவது உண்டு.

அதனால் பெரிய நஷ்டம் இல்லை. 2023 அக்டோபரில் பெங்களூர் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் ஒயிட்ஃபீல்டிலிருந்து சல்லகட்டாவரை விடுபடாமல் இணைந்துவிட்டது. இரண்டு இடத்திலும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ. ஆங்கில ஆசிரியர்களுக்கு 1963 முதல் இயங்கிவரும் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனம் ஞானபாரதி வளாகத்தில் இருக்கிறது. அந்தப் பெயரிலேயே மெட்ரோ நிலையமும் உண்டு. அங்கே 30 நாள் சான்றிதழ் வகுப்புகள் நடப்பதுண்டு. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருகிற ஆசிரியர்கள் விடுதியில் தங்குவதைத் தவிர வேறெதையும் யோசிப்பதில்லை. தங்கவயல்காரர் யோசிப்பார். காலை ரயில் இருக்கிறது, சாயங்கால ரயில் இருக்கிறது, சீசன் டிக்கெட் சட்டைப்பையில் இருக்கிறது, ராத்திரி வீட்டுச் சாப்பாடு இருக்கிறது. இப்படித் தினமும் போய்வரத் தீர்மானித்தவரை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சுலபமாக அடையாளம் காணலாம்: காலையில் கடைசியாக வருவார், மூன்று மணிக்குக் கதவுக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறுவார், நாலு மணிக்கு மேல் “ஏதாவது சந்தேகம் உண்டா?” என்று வகுப்பெடுப்பவர் கேட்கும்போது மற்றவர்களையெல்லாம் முறைப்பார்.

தங்குவதென்றே முடிவு செய்தால் மூன்று வழி: விடுதி, லாட்ஜ், உறவினர் வீடு. விடுதியில் அறைத்தோழரைத் தேர்ந்தெடுக்க முடியாது. குறட்டை விடாதவர் விடியும்வரை போனில் பேசுகிறவராக இருப்பார் என்பது இயற்கையின் சமநிலை. வெந்நீர் காலை ஆறு முதல் எட்டுவரை என்று பலகையில் இருந்தால், ஆறரைக்குள் என்று படிக்க வேண்டும்.

லாட்ஜுக்கு அரசே வரம்பு வைத்திருக்கிறது. 7ஆவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2017இல் வந்த உத்தரவுப்படி, மத்திய அரசு ஊழியரில் ஊதிய நிலை 6 முதல் 8 வரை உள்ளவருக்கு அறை வாடகை நாளொன்றுக்கு 750 ரூபாய், சாப்பாடு 800 ரூபாய், ஊருக்குள் டாக்ஸி 225 ரூபாய் என்று வைக்கப்பட்டது. நிலை 5உம் அதற்குக் கீழும் உள்ளவருக்கு அறைக்கு 450. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போது இவை கால் பங்கு கூடும். தூங்குவதைவிடச் சாப்பிடுவதற்கு அதிகம் கொடுக்கும் இந்தக் கணக்கைப் போட்டவர் நல்ல மனுஷராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு பெங்களூர் மெஜஸ்டிக் பக்கம் அறை தேடுகிறவருக்கு ஜன்னல் இல்லாத அறையும், ஜன்னல் இருந்து கதவு சாத்தாத அறையும் காட்டப்படும். முன்பு ஆயிரம் ரூபாய்க்குள் இருந்த அறைக்கு வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது.

உறவினர் வீடுதான் மிகவும் செலவு பிடிக்கும் வழி. தங்கவயலில் வேரூன்றிய குடும்பம் எதற்கும் பெங்களூரில் ஒரு கிளையாவது இருக்கும். அல்சூர், ஸ்ரீராம்புரம், லிங்கராஜபுரம் பக்கம் ஓர் அக்காவோ சித்தப்பாவோ இருப்பார்கள். பயிற்சிச் செய்தி எப்படியோ அங்கே போய்விடும். “அக்கா இங்க இருக்கும்போது லாட்ஜுல தங்குவியாடா? மாமா என்ன நினைப்பாரு?” என்று போன் வரும். போகாவிட்டால் அடுத்த தீபாவளிவரை பேச்சு நிற்கும். போனால், முதல் நாள் பழமும் இனிப்பும் பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும், இரண்டாம் நாள் மாமா சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போகும் கடையில் ஒரு பில்லும், புறப்படும் நாள் பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு நோட்டும் ஆக, அந்தச் செலவுக்கு மெஜஸ்டிக்கில் ஜன்னலும் கதவும் உள்ள அறையே கிடைத்திருக்கும். இதில் எதற்கும் ரசீது கிடையாது. அக்காவின் குழம்புக்காக இந்த நஷ்டத்தைத் தாங்கலாம் என்பது பொதுவான கருத்து.

மைசூருவில் உள்ள மாநில நிர்வாகப் பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்பப்படுகிறவர்தான் ஊராரின் பார்வையில் உண்மையாகவே வெளியூர் போகிறவர். சென்னையிலிருந்து வரும் காவேரி எக்ஸ்பிரஸ் ஊர் உறங்கும் நேரத்தில் பங்காரப்பேட்டையைக் கடக்கும். அதற்காக முன்னிரவே வந்து கொசுவோடு காத்திருப்பதா, பெங்களூர் போய் மாறுவதா என்று வீட்டில் ஒரு கூட்டம் நடக்கும். அதற்கும் அப்பால் இருப்பது தன்பாத். 1926இல் தொடங்கிய சுரங்கக் கல்லூரியும், சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் தலைமையகமும் அங்கே இருப்பதால், சுரங்கத் தொழிலில் மேலே ஏற நினைத்தவருக்கு அந்த ஊர்ப் பெயர் நன்றாகத் தெரியும். ஆலப்புழையிலிருந்து தன்பாத் போகும் எக்ஸ்பிரஸை ஜோலார்பேட்டையில் பிடித்தால் வண்டியிலேயே இரண்டு ராத்திரி. எலுமிச்சைச் சாதம் முதல் ராத்திரி, புளிச்சோறு மறுநாள் மத்தியானம்வரை தாங்கும். அதன்பின் ரயில் விட்ட வழி. தங்கவயல் குளிருக்குப் பழகிய உடம்புதானே என்று டிசம்பரில் ஸ்வெட்டர் இல்லாமல் போகிறவர் முதலில் வாங்குவது குரங்குக் குல்லா.

திரும்பி வந்ததும் பில். சாப்பாட்டுப் படிக்கு ஒரு நேர்த்தியான விதி இருக்கிறது: ஊரைவிட்டு வெளியே இருந்தது 6 மணி நேரத்துக்குள் என்றால் 30 சதவீதம், 6 முதல் 12 மணி நேரம் என்றால் 70, அதற்கு மேல் முழுத்தொகை. மாரிக்குப்பத்தில் ஏறி, வகுப்பில் உட்கார்ந்து, மாரிக்குப்பத்திலேயே இறங்குகிறவர் தனி முயற்சி எதுவும் இல்லாமல் 12 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறார். ரயில் தாமதத்தால் லாபம் அடைகிற ஒரே பயணி அவர்தான். ஆனால் சீசன் டிக்கெட்டில் போனவரிடம் அந்த நாளைக்கென்று தனியாக ஒரு சீட்டும் இல்லை. போனதற்கு வகுப்பில் வருகைக் கையெழுத்து இருக்கிறது, வந்ததற்கு அவரே இருக்கிறார். நடுவில் எப்படிப் போனார் என்பதற்குத்தான் காகிதம் கேட்பார்கள்.

2018இல் வந்த உத்தரவு, பயிற்சிக்கான பயணப்படிக் கோரிக்கைக்கு இருந்த ஒரு வருடக் கெடுவை 60 நாளாகச் சுருக்கிவிட்டது. ஆகவே பயிற்சிக்குப் போகிற தங்கவயல்காரர்கள், சீசன் இருந்தாலும், மாரிக்குப்பம் கவுன்டரில் ஒரு டிக்கெட் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைத் துவைக்கப் போடும்முன் பையைப் பாருங்கள்.