சோளமாவுப் பிணம்

ஏலே பேராண்டி, இங்க வந்து உக்காரு. காலையில இருந்து உங்க ஆச்சி வேப்பிலைக் கொத்தைக் கையில வச்சுக்கிட்டு உன்னையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா. ஜெர்மனியில இருந்து பிள்ளை வந்திருக்கான், பெட்டியில மிட்டாய் இருக்கும், மூட்டுவலித் தைலம் இருக்கும்னு ஆசையாத் திறந்தவளுக்கு உள்ள கிடந்தது நாப்பது டிவிடித் தட்டு. தட்டுக்கு ஒரு மூஞ்சி. மூஞ்சியில சுண்ணாம்பு, உதட்டுல கரி, கண்ணைச் சுத்தி அடுப்புப் புகை. பிள்ளைக்கு எவளோ வச்சுட்டான்னு அவ முடிவே கட்டிட்டா. "சும்மா இரு, இது காத்தும் இல்ல கருப்பும் இல்ல, வெள்ளைக்காரன் பாட்டு"ன்னு நான்தான் அடக்கி வச்சிருக்கேன்.

கோதிக், இண்டஸ்ட்ரியல்னு நீ பேரு சொன்னே. என் வாயில நுழையலை. இருட்டுப் பாட்டு, இரும்புப் பாட்டுன்னு நானே பேரு வச்சுக்கிட்டேன். எட்டு ராத்திரி நீ தட்டைப் போட்டுக் கதை சொல்லச் சொல்ல, நானும் வெத்தலையை மென்னுக்கிட்டே பாத்தாச்சு. பாத்த கூலிக்கு நாலு புத்தி சொல்லுதேன். கேக்குததும் கேக்காததும் உன் பாடு.

முதப் புத்தி, வரப்பைப் பத்தி. உன் தட்டை நம்ம டிவிப் பெட்டியில போட்டா ஓட மாட்டேன்னு அடம் பிடிச்சுதே, ஏன்னு கேட்டேன். டிவிடி வந்த காலத்துலயே சினிமாக் கம்பெனிக்காரன் உலகத்தைப் பங்கு போட்டு நம்பர் குடுத்துட்டான்னு சொன்னே. அமெரிக்காவுக்கு 1, ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் 2, நமக்கு 5. ஒரு தேசத்துல வித்த தட்டு, படம் இன்னும் வராத தேசத்துக்குள்ள போய் மேஞ்சிரக் கூடாதாம். எங்க பெரியப்பன் மக்க என் பிஞ்சையில வரப்பை வெட்டுனாங்களே, அதுல கூட இம்புட்டு நேர்த்தி கிடையாது. சாவைக் கண்டே பயப்படாம சவப்பெட்டியில சாஞ்சுக்கிட்டுப் பாடுதவன், வரப்பைத் தாண்டச் சொன்னா நடுங்குதான் பாத்தியா? அதுலயும் சில தட்டுல 0-ன்னு போட்டிருக்காம். அது கோயில் மாடு. எவன் பிஞ்சையிலயும் மேயலாம். இனிமே வாங்கும்போது தட்டுக்குப் பின்னால 0 இருக்கான்னு பாத்து வாங்கு. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்.

ரெண்டாவது, இந்த இருட்டு. பௌஹவுஸ்னு நாலு பேரு, இங்கிலாந்துல நார்த்தாம்டன்காரங்க. 1979-ல அவங்க போட்ட முதப் பாட்டே எழவுப் பாட்டு. செத்தது யாருன்னு கேட்டா பெலா லுகோசி, 1931-ல டிராகுலாவா நடிச்ச ஆளு. அந்த மனுசன் கண்ணை மூடுனது 1956-ல. டிராகுலா அங்கியோடயே அடக்கம் பண்ணியும் ஆச்சு. எழவு வீட்டுக்கு இருபத்து மூணு வருசம் பிந்தி வந்துட்டு, 9 நிமிசத்துக்கு மேல ஒப்பாரி வைக்காங்க. நம்ம ஊர்ல இப்படி வந்தா வாசல்லயே நிப்பாட்டி, காரியம் முடிஞ்சு பேரனுக்குக் காதுகுத்தும் முடிஞ்சிருச்சுய்யான்னு சொல்லுவாங்க. 1982-ல லண்டன் சோஹோவுல 'வௌவால் குகை'ன்னு ஒரு கிளப்பு திறந்தாங்களாமே, பேட்கேவ். இங்க கோயில் மண்டபத்துல வௌவா நாத்தம் தாங்காம சாம்பிராணி போடுதோம். அங்க அதுக்கு டிக்கெட்டு.

ஆனா ஒண்ணு. தி க்யூர்னு ஒரு கூட்டம் எனக்குப் பிடிச்சுப் போச்சு. பாட்டுக்காக இல்ல, அட்டைக்காக. 1986-ல அவங்க அதுவரைக்கும் எடுத்த வீடியோவையெல்லாம் சேத்து ஒரு கேசட்டு போட்டாங்களே, கடலை வெறிச்சுப் பாக்குததுன்னு அதுக்குப் பேரு. அந்த அட்டையில மை பூசுன பயக எவனும் இல்ல. கடல்ல உழைச்சு ஓஞ்சுபோன ஒரு மீன்காரக் கிழவனோட முகம். அந்தச் சுருக்கத்தைப் பாத்தியா? கோடை உழவு அடிச்ச கரிசல் மாதிரி. எத்தனை டப்பா பவுடர் பூசினாலும் அந்த முகம் வராதுன்னு அந்தப் பயலுகளுக்கே தெரிஞ்சிருக்கு. கிழடு கட்டைக்கும் ஒரு காலம் வரும்னு உங்க ஆச்சிகிட்ட சொன்னேன். அவ காதுல வாங்கலை.

அதே ஆளுங்க 1985-ல ஒரு பாட்டுக்கு பீரோவுக்குள்ள அஞ்சு பேரும் நெருக்கி அடைச்சுக்கிட்டு நின்னாங்க. டிம் போப்புன்னு ஒரு டைரக்டர், பீச்சி ஹெட் பாறை உச்சியில இருந்து பீரோவை அப்படியே கடலுக்குள்ள விழ விட்டுட்டாரு. நம்ம ஊரு பஸ்ஸுல தினமும் படுத பாட்டை அவங்க ஒரு நாள் பட்டுட்டு பாட்டாக்கிட்டாங்க. பெறவு 1989-ல கட்டில்ல படுத்துக்கிடக்குத அவங்க பாட்டுக்காரரு ராபர்ட் ஸ்மித்தை ஒரு சிலந்தி வந்து முழுங்குது. அதுக்குப் பிரிட்டன்ல வருசத்துல நல்ல வீடியோன்னு பரிசும் குடுத்தாங்க. அவரு தலைமுடியைப் பாத்ததும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. சிலந்தி வெளியில இருந்து வந்திருக்காது.

மூணாவது, இரும்பு. பெர்லின்ல 1980-ல கிளம்புன கூட்டத்துக்குப் பேரு என்ன சொன்னே? ஐன்ஸ்டூர்சென்டெ நொய்பாவுட்டன். இடிஞ்சு விழுத புதுக் கட்டடங்கள்னு அர்த்தம். இந்தப் பேருக்கு நம்ம பக்கத்துல காண்ட்ராக்டருங்க சண்டைக்கு வருவாங்க. தகரம், ஸ்பிரிங்கு, துரப்பணம் எல்லாம் அவங்களுக்கு மேளம். 1984 ஜனவரி 3-ஆம் தேதி லண்டன் ஐசிஏ அரங்கத்துல அவங்க ஆளுங்களும் கூட்டாளிகளும் கச்சேரின்னு சொல்லி மிஷினைப் போட்டு மேடையையே துளைக்க ஆரம்பிக்க, நிர்வாகம் பதறிப்போய் நிப்பாட்டுச்சு. நம்ம தெருவுல போர்வெல் லாரி வந்து ரெண்டு நாளா ஊரையே குடைஞ்சுதே, அன்னைக்குக் காதைப் பொத்திக்கிட்டுக் கிடந்தோம். டிக்கெட்டு போட்டிருக்கலாம். தண்ணிதான் வரலை, துட்டாவது வந்திருக்கும்.

சிரிக்காதே, இந்த இடத்துல நான் நையாண்டி பண்ணலை. உன் தட்டுலயே நான் நிம்மதியாத் தூங்கினது இந்தக் கூட்டத்தோட படத்துலதான். சோகோ இஷின்னு ஒரு ஜப்பான்காரர், பாழடைஞ்ச தொழிற்சாலைக்குள்ள வச்சு எடுத்த படம். 'அரை மனுசன்'னு பேரு. உங்க ஆச்சி காதைப் பொத்திக்கிட்டு அடுப்படிக்குள்ள ஓடிட்டா. எனக்கு அந்தச் சத்தம் தாலாட்டு. முப்பது வருசம் நூல் மில்லுல ராத்திரி ஷிப்டு பாத்தவன் நான். சங்கு ஊதுனா உள்ள போய், சங்கு ஊதுனா வெளிய வந்த ஆளு. இங்கிலாந்துல த்ராபிங் கிரிஸில்னு ஒரு கூட்டம் 1976-ல கம்பெனி ஆரம்பிச்சு அதுக்கு இண்டஸ்ட்ரியல்னே பேரு வச்சுது. அந்த வகைப் பாட்டுக்கே அங்க இருந்துதான் பேரு வந்துச்சு. லைபாக்குன்னு ஒரு கூட்டம் ஸ்லோவேனியாவுல நிலக்கரிச் சுரங்க ஊர்ல பிறந்திருக்கு. வளந்த ஊர்ல குயில் கூவலை, மிஷின்தான் கத்துச்சுன்னா அவம் எதை வச்சுப் பாடுவான்? மில்லுல நாங்களும் கேட்டோம். பாட்டுன்னுதான் தோணாமப் போச்சு.

நாலாவதுதான் முக்கியமான புத்தி. அது நம்ம சோளத்துல இருந்து வருது.

அமெரிக்காவுல ட்ரென்ட் ரெஸ்னார்னு ஒரு பையன். பென்சில்வேனியாவுல மெர்சர்ங்கிற சின்ன ஊரு, நம்மளை மாதிரி பட்டிக்காட்டான்தான். நைன் இஞ்ச் நெயில்ஸுன்னு பேரு வச்சு, 1989-ல முத வீடியோ எடுக்கப் போனாம். சிகாகோவுல படப்பிடிப்பு. கதைப்படி அவம் தரையில செத்துக் கிடக்கணும், கேமரா மேல மேல போய் அவனைக் காட்டணும். கிரேனுக்குத் துட்டு ஏது? கேமராவை ஹீலியம் பலூன்ல கட்டிக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. கயிறு அத்துப் போச்சு. பலூன் கேமராவைத் தூக்கிக்கிட்டு 200 மைலுக்கு மேல பறந்து, மிச்சிகன்ல ஒரு சம்சாரியோட பிஞ்சையில போய் இறங்குச்சு.

அந்தச் சம்சாரி என்ன நினைச்சிருக்காரு? எவனோ கஞ்சா பயிர் பண்ணுதானான்னு வேவு பாக்க சர்க்கார் விட்ட பலூன்னு நினைச்சு, போலீசுல ஒப்படைச்சுட்டாரு. மடியில கனமில்லாத மனுசன். போலீசு ஃபிலிமைப் போட்டுப் பாத்தா, ஒருத்தன் வெளிறிப்போய்க் கிடக்கான், ரெண்டு பேரு அவனை விட்டுட்டுப் போறாங்க. கொலைதான்னு முடிவாகி எஃப்பிஐ வரைக்கும் போச்சு. ஒரு வருசத்துக்கு மேல பிணத்துக்குப் பேரு தேடியிருக்காங்க. கடைசியில பாத்தா, பிணம் உசிரோட ஊரு ஊராப் போய்க் கச்சேரி பண்ணிக்கிட்டு இருக்கு. அந்த வெளிறல் என்னன்னா, உடம்புல பூசுன மக்காச்சோள மாவு!

இங்க நான் மக்காச்சோளம் போட்டு, படைப்புழு தின்ன மிச்சத்தை மூடை கட்டி, கமிஷன் கடையில கட்டுப்படியாகாத விலைக்குக் குடுத்துட்டு வாறேன். அங்க அதே மாவு ஒரு சர்க்காரையே ஒரு வருசத்துக்கு மேல ஆட வச்சிருக்கு. அதனாலதான் சொல்லுதேன் பேராண்டி. எந்த இருட்டைப் பாத்தாலும் முதல்ல மாவு எங்க இருக்குன்னு தேடு. மாவைக் கண்டுபிடிச்சுட்டா பயம் போயிரும். பயம் போன பெறவுதான், அந்த மாவைப் பிசைஞ்சவன் கையில எம்புட்டு வேலை இருக்குன்னு தெரியும். எங்க காலத்துல கூத்துல எமனாக் கட்டுத ஆளு, விடிஞ்சா எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து அரிதாரத்தைத் துடைச்சுக்கிட்டே கஞ்சி குடிப்பாரு. அதுக்காக மறுநாள் ராத்திரி அவரைப் பாத்து நடுங்காம இருந்ததில்ல.

தட்டு வாங்குததுல ஒரு லாபம் இதுதான். போன்ல ஓடுத பாட்டு வரும், போகும். தட்டுல மாவு பிசைஞ்ச கதையும் இருக்கு. ராம்ஸ்டைன்னு ஒரு கூட்டத்துக்காரங்க 2012-ல பதினேழு வருசத்து வீடியோவைச் சேத்துப் போட்டப்போ, எடுத்த விதத்தையும் சேத்தே குடுத்திருக்காங்க. நெருப்பைக் கக்குதவங்க ஓரமா உக்காந்து டீ குடிக்குத கதையும் அதுல வந்துரும்.

நீ இன்னொண்ணும் சொன்னே. அதே ரெஸ்னாருக்காக 1993-ல பீட்டர் கிறிஸ்டோபர்சன் ஒரு படம் எடுத்தாரு, த்ராபிங் கிரிஸில்ல இருந்த அதே ஆளு. பாக்க முடியாத அளவுக்குக் கொடூரமாப் போனதால கடைக்கே வரலை. கூட்டாளிகளுக்குக் குடுத்த டேப்பை இன்னொருத்தன் காப்பி எடுக்க, அதை வேறொருத்தன் எடுக்க, படம் மங்கி மங்கி, கடைசியில நிசமான கொலையோன்னு பாத்தவன் நம்புத அளவுக்குப் போச்சாம். அது வதந்தியோட குணம். ஒவ்வொரு வாயா மாறும்போது முகம் அழியும், பயம் கூடும். அதனால நல்ல தட்டாப் பாத்து வச்சுக்கோ. அதையும் ஓரத்தைப் பிடிச்சு எடு, நடுவுல விரல் படாதே. இந்தக் கரிசல் வெயில்ல காரு கண்ணாடிக்கு அடியில வச்சுட்டுப் போனே, தட்டு அப்பளமாயிரும். உள்ள இருக்கது லேசான அலுமினியத் தகடு. காத்துப் பட்டா அதுவும் கெட்டுப்போகும். வெயிலுக்கு ஆகாது, ஈரத்துக்கு ஆகாது. இருட்டுப் பாட்டை இருட்டுலதான் வைக்கணும்னு அந்தத் தட்டுக்கே தெரிஞ்சிருக்கு.

லைப்சிக்குல 1992-ல இருந்து இந்தக் கூட்டத்துக்குப் பெரிய திருவிழா நடக்கு, வாற வைகாசியில போகணும்னு சொன்னே. இருபதாயிரம் பேரு கருப்பு உடுத்திக்கிட்டு டிராம்ல போவாங்க, பூங்காவுல பழங்காலத்துக் கவுனும் லேஸ் குடையுமா உக்காந்து சாப்பிடுவாங்கன்னே. தாராளமாப் போயிட்டு வா. சவப்பெட்டியோட வாறவன் கூட உக்காந்து ரொட்டி தின்னுட்டுப் போறான்னா, அது நல்ல திருவிழாதான். கருப்பு வேட்டி வேணும்னா அலமாரியில இருக்கு. சபரிமலைக்குக் கட்டினது. அங்க போய் எவனாவது கேட்டா, தாத்தா பதினெட்டு வருசம் கோதிக்கா இருந்தாருன்னு சொல்லு.

என்னலே, போனைத் தூக்கி எதுக்கு என் மூஞ்சிக்கு நேரா நீட்டுதே? ஓஹோ. அந்த மீன்காரக் கிழவன் ஞாபகம் வந்துருச்சோ? எடு, எடு. அட்டையில போட்டா கூலி பேசிக்கிடணும். கடலுக்கு இங்க இருந்து அம்பது மைலு, அம்புட்டுத் தூரம் என்னால வர முடியாது. கம்மாய்க் கரையில போய் நிக்கேன். கம்மாயில தண்ணி இல்லைன்னு யோசிக்காதே. வறண்ட கம்மாயை வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்குததுக்கு, எனக்குச் சோளமாவு தேவைப்படாது.