டிசைனர் தம்பி

கல்யாண வீட்டில் இவரை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். எல்லோரும் பந்திக்கு முந்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாசலில் நின்று பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். முகூர்த்த நேரத்தைத் தேடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருக்கிறார். "கெர்னிங் சரியில்லைங்க" என்பார். பெண்ணைப் பெற்றவர் காதில் அது விழுந்தால், கூட்டில் ஏதோ குறை என்று சமையல்காரரைத் தேடி ஓடுவார்.

படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். டிசைனர் ஆனது யூடியூபில். நடுவில் பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் ஆறு மாத மல்டிமீடியா டிப்ளமோ ஒன்றும் உண்டு. அங்கே சொல்லிக்கொடுத்ததில் இவர் மனத்தில் தங்கியது, காலி இடம்தான் அழகு என்பது மட்டும். தாளில் முக்கால்வாசியைச் சும்மா விட்டுவிட்டு, மூலையில் பொடி எழுத்தில் நாலு வார்த்தை போட்டால் அது மினிமல். இந்தக் கொள்கையோடு இவர் வேலை தேடிப் புறப்பட்ட ஊர் மதுரை.

தன் தொழிலை வீட்டாருக்கு விளக்க இவரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. 2010-இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். பரிசுத் தொகை இரண்டரை லட்சம். கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிலிருந்து, "அடுத்து எந்த நாட்டுக்காரன் காசுக்குக் குறி கேக்குறான்?" என்று அவ்வப்போது விசாரிக்கிறார்.

யாரும் கேட்காமலே செய்து வைத்த வேலைகளால் ஆனது இவருடைய போர்ட்ஃபோலியோ. நகரப் பேருந்துச் சீட்டுக்குப் புது வடிவம். இல்லாத ஒரு ஜிகர்தண்டா கடைக்கு லோகோ. லோகோவை வரைந்து முடித்த பிறகு அதன்மேல் வட்டம் வட்டமாகக் கோடு போட்டு, "கோல்டன் ரேஷியோ" என்று எழுதியிருப்பார். அந்தக் கடையின் விசிட்டிங் கார்டு பளிங்குக் கல்லில் கிடக்கும். அதன்மேல் ஏதோ ஒரு வெளிநாட்டுச் செடியின் நிழல் விழும். மதுரை வெயிலில் எந்த விசிட்டிங் கார்டுக்கும் அந்தப் பாக்கியம் வாய்த்ததில்லை.

வேலை கிடைத்தது ஒரு ஃபிளெக்ஸ் கடையில். "டிசைனர் தேவை. போட்டோஷாப், கோரல் டிரா, தமிழ் டைப்பிங் தெரிந்திருக்க வேண்டும். டூவீலர் உள்ளவருக்கு முன்னுரிமை" என்று கதவில் ஒட்டியிருந்தது. டிசைனுக்கும் டூவீலருக்கும் என்ன சம்பந்தம் என்பது முதல்நாள் மாலை, அடித்து முடித்த ஃபிளெக்ஸைச் சுருட்டிக் கையில் கொடுத்தபோது விளங்கியது. "எனக்கு ஃபிக்மா நல்லா வரும்ணே" என்று தனக்குத் தெரிந்த டிசைன் மென்பொருளைப் பற்றி இவர் சொன்னதற்கு, "ஏன் தம்பி, உடம்புக்கு என்ன?" என்று கேட்டார் கடைக்கார அண்ணன்.

அண்ணன் கல்லூரியில் படித்தவரல்லர். ஆனால் திரையில் மின்னுகிற நீலம் அச்சில் மங்கிப்போகும் என்பதும், வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோட் தமிழை அப்படியே பழைய எழுத்துருவில் கொண்டுபோய் ஒட்டினால் கொம்பும் காலும் ஆளுக்கொரு திசையில் ஓடும் என்பதும் அவருக்கு மனப்பாடம். தம்பிக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் வேறு: "அட்வான்ஸ் வாங்காம மவுஸைத் தொடாதே."

தம்பியின் உண்மையான படிப்பு ஒரு காதணி விழாவில் ஆரம்பித்தது. 10-க்கு 8 அடி ஃபிளெக்ஸ். இவர் வெளிர் ரோஜா நிறப் பின்னணியில் நடுவே குழந்தையை உட்காரவைத்து, சுற்றிலும் காலியாக விட்டு, கீழே மெல்லிய எழுத்தில் விவரம் போட்டிருந்தார். குழந்தையின் அப்பா வந்து பார்த்தார். "தம்பி, வெளுத்த சேலை மாதிரி இருக்கே. ஏன், மை தீந்துபோச்சா?"

பிறகு, சும்மா கிடக்கும் இடத்துக்கெல்லாம் ஆள் வரத் தொடங்கியது. படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. பெரியப்பா ஆதார் அட்டையிலிருந்து வந்தார். சித்தப்பாவை ஒரு கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டி எடுத்ததில், அவர் தோளில் யாரோ ஒருவருடைய கையும் சேர்ந்தே வந்துவிட்டது. அதை அழிக்க இவருக்கு அரைமணி நேரம். அழித்த பிறகு, "அது எங்க அத்தை கை. அவங்களுக்கு வருத்தமாயிடும், இருக்கட்டும்" என்று தகவல் வந்தது.

தாய்மாமன்களிடம் வந்தபோதுதான் விவகாரம் முற்றியது. இரண்டு பேர். பெரியவர் மூத்தவர், சின்னவர் செலவு செய்பவர். எது முதலில் கண்ணில் படவேண்டும் என்று டிப்ளமோவில் படித்த பாடத்தை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. அண்ணன் மவுஸை வாங்கினார். இருவர் படமும் ஒரே அளவு. பெரியவருக்கு மாலை, சின்னவருக்குப் பின்னால் உறுமுகிற சிங்கம். ஒருமணி நேரத்தில் பெரியவர் போன் செய்தார்: "என் சிங்கம் எங்கப்பா?" இரண்டாவது சிங்கத்துக்கு இடம் வேண்டியிருந்ததால், காது குத்திக்கொள்ளப்போகும் குழந்தை வலது கீழ் மூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

எனக்கென்னவோ வாடிக்கையாளர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. மண்டப வாசலில் நிற்கும் ஃபிளெக்ஸுக்கு முன்னால் வந்து நின்று காலி இடத்தை ரசிக்கிற மனிதர் யார்? வருகிறவர்கள் தங்கள் முகத்தைத் தேடுகிறார்கள். கிடைத்தால் செல்ஃபி, கிடைக்காவிட்டால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. தம்பிக்கு இது புரிய ஆறு மாதம் ஆயிற்று. புரிந்த பிறகு படத்தை வாங்குவதற்கு முன்பே, "மாமன் எத்தனை பேருண்ணே?" என்று கேட்கப் பழகிவிட்டார்.

தனியாகவும் வேலை எடுத்துப் பார்த்தார். பரோட்டாக் கடைக்கு ஒரு லோகோ. கூலியைக் கேட்டுக் கடைக்காரர் அதிர்ந்ததும், டிசைனர்களின் உழைப்பு எப்படிச் சுரண்டப்படுகிறது என்பதைக் காட்ட ஒரு வரலாற்று உதாரணம் சொன்னார்: 1971-இல் நைக்கியின் லோகோவை வரைந்த கரோலின் டேவிட்சன் என்ற மாணவிக்குக் கிடைத்தது வெறும் 35 டாலர். கடைக்காரர் மனம் உருகிக் கேட்டார். "அம்மாம் பெரிய கம்பெனியே அவ்வளவுதான் குடுத்திருக்கான். நாம நாலு டேபிள் கடை. நீயே யோசிச்சுச் சொல்லு தம்பி." அந்தப் பெண்ணுக்கு 1983-இல் நைக்கி பங்குகள் கொடுத்ததையும் சொல்லிப் பார்த்தார். பங்கு என்றதும் பரோட்டா மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். இரண்டு செட் பரோட்டாவோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

உறவினர்கள் அதையும் தருவதில்லை. "நீ தட்டினா வந்துடப் போகுது" என்பார்கள்.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து இன்டர்வியூ வந்தது. ஃபிக்மா தெரிந்தவர்கள், ஏசி அறை, மூன்று பேர் எதிரே. "ஒரே ப்ராஜெக்ட்ல ரெண்டு பேர் ரெண்டு விதமா கேட்டா எப்படி ஹேண்டில் பண்ணுவீங்க?" என்றார் ஒருவர். தம்பி தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார். பெரிய மாமன், சின்ன மாமன், மாலை, முதல் சிங்கம், இரண்டாவது சிங்கம். மூவரும் சிரித்துச் சிரித்துக் களைத்தார்கள்; நடுவில் ஒருவர் தன் வீட்டுக் காதணி விழாவையே சொல்லத் தொடங்கிவிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு. ஒரு சின்ன டெஸ்ட் மட்டும். எங்க ஆப்புக்கு மூணு ஸ்க்ரீன் மாத்தி டிசைன் பண்ணி அனுப்புங்க. நாளைக்குக் காலைல கிடைச்சா போதும்."

"அனுப்பிடலாம் சார்" என்றார் தம்பி. "அட்வான்ஸ் பாதி போட்டுவிட்டுருங்க, ஆரம்பிச்சுடுறேன்."