ஊடாடும் இணையப் பெருமானுக்கு விருத்தாசலத்து வாழ்த்துமடல்

உலகனைத்தையும் ஒரு திரைக்குள் அடக்கி ஆளும் ஊடாடும் இணையச் சேவைப் பேரரசின் திருமுன்பு, மணிமுத்தாற்றங்கரையில் களிமண்ணோடு காலம் தள்ளும் விருத்தாசலத்து எளியோர் தெண்டனிட்டுச் சமர்ப்பிக்கும் வாழ்த்துமடல்.

கொடைக்குப் புது இலக்கணம் கண்ட வள்ளலே! பறம்புமலைப் பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்து வீடு திரும்பியவன். கொடுக்கத் தெரிந்த அவனுக்குக் கணக்குத் தெரியவில்லை. அவ்விடத்தில் தாங்கள் இருந்திருந்தால் முல்லைக்கு ஒரு லைக் கொடுத்திருப்பீர்கள். பூத்த அழகைத் தினமும் படம் எடுத்துப் போடச் சொல்லியிருப்பீர்கள். பக்கத்திலேயே பந்தல்கால் விற்பவரின் விளம்பரத்தையும் காட்டியிருப்பீர்கள். தேர் மிஞ்சியிருக்கும், குதிரையும் மிஞ்சியிருக்கும், பறம்புமலையின் மதிப்பும் பங்குச்சந்தையில் ஏறியிருக்கும். ஏழு வள்ளல்களில் ஒருவருக்கும் எட்டாத இந்த நுட்பத்தை வணங்குகிறோம்.

தாங்கள் முடிசூடிய வரலாறும் இனியது. 2004 அக்டோபரில் ஓரைலி நிறுவனத்தார் சான் பிரான்சிஸ்கோவில் கூட்டிய மாநாட்டில் 'வெப் 2.0' என்னும் திருநாமத்தோடு அரியணை ஏறினீர்கள். வலையைப் பெற்றெடுத்த டிம் பெர்னர்ஸ்-லீ, மனிதரை மனிதரோடு சேர்ப்பதற்கென்றே தொடக்கத்திலிருந்து வலை இருந்ததே என்று 2006-இல் சொல்லிப் பார்த்தார். பெற்ற தகப்பனுக்கே அவர் பிள்ளையைப் புதுப்பெயரில் அறிமுகம் செய்துவைக்கும் பெருந்தன்மை வேறு யாருக்கு வரும்? அந்த மனிதர் பணியாற்றிய செர்ன் ஆய்வுமையமோ, 1993-இல் அந்த வலையைக் காப்புரிமைக் கட்டணம் ஏதுமின்றி ஊருக்கே பொதுவாக விட்டுவிட்டது. வியாபாரத்தில் அவர்கள் பேச்சை யார் கேட்பார்கள்!

அந்த 2006-ஐ நாங்கள் மறக்கவே மாட்டோம். எங்கள் தொகுதி விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டு அது. அக்டோபரில் கூகுள் 165 கோடி டாலர் மதிப்பில் யூடியூபை வாங்கியது. அதிலிருந்த படங்கள் பொதுமக்கள் ஏற்றியவை. ஆகவே நியாயமான பங்கீடு ஒன்று நடந்தது: பணம் உரிமையாளர்களுக்குப் போயிற்று, டிசம்பரில் டைம் இதழ் 'நீங்கள்'தான் இந்த ஆண்டின் நாயகர் என்று முழங்கி, முகம் பார்க்கும் பளபளப்புத் தாளை அட்டையில் பதித்து எங்களுக்குக் கொடுத்தது. பணம் என்றால் வரி கட்ட வேண்டும், களவுக்கு அஞ்ச வேண்டும். கண்ணாடிக்கு அந்தத் தொல்லை உண்டா? நாங்கள் அனுப்பிய சட்டமன்ற உறுப்பினர்கூட ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்து கைகூப்பியாக வேண்டும். தங்களுக்கு அந்தச் சிரமத்தையும் நாங்கள் வைக்கவில்லை.

எங்கள் ஊர்த் தொழிலாளரின் பேராசையைத் தங்களிடம் சொல்லக் கூசுகிறோம். இங்கே களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, பிசிறு சீவி, உலர்த்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டெடுக்கிறார்கள். மண் முதலாளியுடையது, அச்சும் அவருடையது, நெருப்பும் அவருடையது. இத்தனையும் கொடுத்த பிறகும், பொம்மைக்குப் பிசிறு சீவிய பெண் கூலி வேறு கேட்கிறாள்! தங்கள் சூளையின் ஒழுங்கே தனி. அங்கே மண்ணையும் அச்சையும் விறகையும் வேலைக்காரனே சுமந்து வருகிறான். செல்போனுக்குத் தவணையும் டேட்டாவுக்கு ரீசார்ஜும் அவனே கட்டுகிறான். செய்த பண்டத்தைத் தங்கள் கிடங்கில் அடுக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று நள்ளிரவில் எழுந்து எழுந்து பார்த்துக்கொள்கிறான். போனஸ் கேட்பதில்லை, சங்கம் வைப்பதில்லை. ஒருநாள் வராவிட்டால் அவனுக்கே கை நடுங்குகிறது.

வாசற்படியிலேயே வேலை வாங்கும் சாமர்த்தியத்தை எப்படிப் புகழ்வது? 2007-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் பிறந்து, 2009-இல் கூகுளிடம் சேர்ந்த ரீகேப்சா, 'நீ மனிதன்தானா?' என்று எங்களை மறித்துக் கேட்டது. மெய்ப்பிக்கும் பொருட்டு மங்கிய எழுத்துகளைப் படித்துச் சொன்னோம்; பழைய நியூயார்க் டைம்ஸ் இதழ்கள் கணினியில் ஏறின. பிறகு, சாலைப் படங்களில் எது பேருந்து, எது தீயணைப்புக் குழாய் என்று அடையாளம் காட்டினோம். தேர்வு முடிவு பார்க்க உட்காரும் எங்கள் ஊர்ப் பாலக்கரை மாணவன் அமெரிக்கத் தெருக்களின் தீயணைப்புக் குழாய்களை எண்ணிச் சொல்கிறான். இப்படியொரு கல்வியை எந்தப் பள்ளிக்கூடம் தரும்?

தங்கள் புகழ் பாடும் பயிற்றுநர்கள், 'ஒரு பக்கம் திறவுங்கள், உலகமே உங்கள் சந்தை' என்று மேடைதோறும் முழங்கினார்கள். கொலுபொம்மை வியாபாரி பக்கம் திறந்தார். தம் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகத் தாமே கெஞ்சிக் கூப்பிட்டு அதில் சேர்த்தார். கூட்டம் சேர்ந்த பின்புதான் தங்கள் நீதி வெளிப்பட்டது: அவர் போடும் படம் அவர் சேர்த்த ஆட்களின் கண்ணில் படவே 'பூஸ்ட்' காணிக்கை செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் நவராத்திரிப் படம் தீபாவளிக்கு மறுநாள் யாரோ ஒருவருக்குத் தரிசனம் தரும். அல்காரிதத்தின் திருவுள்ளம் யாருக்குத் தெரியும்?

இவ்வூருக்கும் தங்களுக்கும் பழைய உறவொன்று உண்டு. சுந்தரர் இங்கே இறைவனிடம் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ஆனால் அவரிடம் ஒரு குறை இருந்தது. ஆற்றில் இடுமுன் மாதிரிக்காக மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததும் மாற்று உரைத்துப் பார்த்தார். ஆண்டவனிடமே சந்தேகம்! நாங்கள் அப்படியா? பிறந்த தேதி, பிள்ளையின் முகம், போன இடம், வந்த நோய் எல்லாவற்றையும் இங்கே போடுகிறோம். கலிபோர்னியாக் குளத்தில் யார் எடுக்கிறார்கள் என்று கேட்பதில்லை. விதிமுறைகளை ஒரே விரலிழுப்பில் கடந்து 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தொட்டுவிடுகிறோம். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் முகநூலர் விவரம் திரட்டிய செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர். விவரம் போயிருக்கக்கூடியவர்கள் சுமார் 5.62 லட்சம் பேர் என்று 2018-இல் முகநூலே அறிவித்தது. பகிர்ந்துண்ணும் பண்பு என்றால் இதுவல்லவா!

செய்தியைச் சேர்க்கும் வேகத்திலும் தங்களுக்கு நிகரில்லை. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்னும் வாட்ஸ்அப் வதந்தி, 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சென்றடைந்திருந்தது. குலதெய்வம் கும்பிட வெளியூரிலிருந்து வந்த ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் திரண்டு அடித்ததில் இறந்தார். அடித்ததும் படமாகிப் பகிரப்பட்டது. இதுவன்றோ பங்கேற்பு! வேடிக்கை பார்ப்பவர் என்று ஒருவரைக்கூடத் தாங்கள் ஒதுக்கிவைக்கவில்லை. நாடெங்கும் இப்படிப் பலர் இறந்த பின், ஜூலையில் தங்கள் கருணை சுரந்தது. ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பலாகாது என்று இந்தியருக்கு வரம்பு வகுத்தீர்கள். கோபுரமும் தேரும் தீர்த்தமும் ஐந்தைந்தாய் அமைந்த எங்கள் பழமலைநாதர் கோயிலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள் போலும். ஐந்து இடத்தில் சொன்னால் ஓர் ஊருக்குப் போதும் என்ற கணக்கும் பிசகவில்லை.

நிலையாமையை உணர்த்துவதில் தாங்கள் சித்தர்களை விஞ்சியவர். எங்கள் பிள்ளைகள் நட்பு வளர்த்த ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30-இல் மூடினீர்கள். மைஸ்பேஸில் 2003 முதல் 2015 வரை கலைஞர்கள் ஏற்றிய பாடல்கள் சர்வர் மாற்றத்தில் தொலைந்துபோன சேதி 2019-இல் வெளியாயிற்று. கீழடி அகழாய்வில் கிடைத்த பானையோட்டுச்சில்லின் மூர்க்கத்தை இதோடு ஒப்பிட்டால் வெட்கமாயிருக்கிறது. 'ஆதன்' என்று யாரோ கீறிய பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் அது விடவில்லை. ஒருமுறைகூட அப்டேட் ஆகவில்லை, பாஸ்வேர்டும் கேட்கவில்லை. சுட்டமண் சாதிக்கே உரிய இந்தப் பிடிவாதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

நிறைவாக ஒரு விண்ணப்பம். நாங்கள் இருபதாண்டாய்ப் போட்ட எழுத்தையும் படத்தையும் ஊட்டித் தாங்கள் வளர்த்த செயற்கை நுண்ணறிவு இளவரசர், கொலுபொம்மையை நொடியில் வரைந்து காட்டுகிறாராம். எங்கள் கையிலிருந்து போனதை எங்களுக்கே மாதச் சந்தாவுக்கு வழங்கும் அந்தப் பேறு விரைவில் கிட்ட வேண்டும். சந்தா கட்டக் காசில்லை என்று எங்களைத் தள்ளிவிடாதீர்கள். எங்களிடம் இன்னும் தூக்கம் இருக்கிறது. ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானே ஓடும் வசதியால் பாதியைத் தாங்கள் முன்பே பெற்றுக்கொண்டீர்கள். மீதியையும் ஏற்று, அதற்கும் எங்களிடமே ஐந்து நட்சத்திரம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
விதிமுறைகளைப் படிக்காமலே ஒப்புக்கொண்ட
விருத்தாசலத்து அடியவர்கள்.